சத்தம் எந்தப் பக்கம்?

மனைவி: மெதுவா... மெதுவாங்க! முன்னாடி வேகத்தடை!

கணவர்: தெரியுது. வேணும்னுதான் ஏத்தறேன். காதத் தீட்டிக்கிட்டு உக்காரு.

மனைவி: காதத் தீட்டி என்ன? என் இடுப்பு முறியற சத்தம்தான் கேக்கப்போகுது.

கணவர்: என்ன?

மனைவி: இடுப்பு! என் இடுப்புன்னேன்!

கணவர்: இடுப்ப விடு. இப்ப ‘டொக்’குனு ஒண்ணு விழுந்துச்சே... கேட்டியா?

மனைவி: கேட்டுது. அதுக்குப் பின்னாடியே ‘கிணிகிணி’ன்னு இன்னொண்ணும் கேட்டுது.

கணவர்: ரெண்டா?

மனைவி: ரெண்டு. ஒண்ணு யாரோ கதவத் தட்டற மாதிரி. இன்னொண்ணு கண்ணாடி டம்ளருக்குக் குளிரெடுத்த மாதிரி.

கணவர்: சபாஷ்! வருஷக்கணக்கா ஸ்டுடியோவுல உக்காந்து பாட்டுப் பதிவு பண்றேன். இப்படி ஒருத்தர் எனக்குச் சத்தத்தப் பிரிச்சுக் குடுத்ததில்ல.

மனைவி: ஐஸ் வெக்காதீங்க. நம்ம பெரியவன விட வயசான வண்டி. சத்தம் போடாம தாலாட்டா பாடும்?

கணவர்: ஸ்போர்ட்ஸ் கார்டி இது. வயசானாலும் சிங்கம் சிங்கம்தான்.

மனைவி: சிங்கத்துக்குப் பல்லு ஆடுது. ஓரமா நிறுத்துங்க.

கணவர்: எதுக்கு?

மனைவி: நிறுத்துங்கன்னா நிறுத்துங்க. அந்தக் கண்ண முழிச்சு முழிச்சு மூடற லைட்டு ரெண்டையும் மேல தூக்கிவிடுங்க. நான் எறங்கறேன்.

கணவர்: ஹெட்லைட்டா? அது எதுக்கு இப்ப... இரு, இரு, நானும் வரேன். வலது பக்கத்தத் தட்டிப் பாரு. எனக்கென்னமோ அங்கதான்.

மனைவி: தட்டிட்டேன். ஊமை மாதிரி இருக்கு. இந்தா, இடது பக்கத்தத் தட்டறேன். கேட்டுதா? கிணிகிணி.

கணவர்: அட, ஆமா! லைட்டு மூடியோட திருகு கழண்டு கிடக்கு. உன் கைக்குட்டையக் குடு, இடுக்குல சொருகறேன். ஒரு மாசமா என் உயிர வாங்கின சத்தம்! நீ அரை மணியில புடிச்சிட்ட.

மனைவி: ஒரு மாசமா எங்க தேடினீங்க?

கணவர்: வலது பக்கம்...

மனைவி: ஓஹோ.

கணவர்: சத்தம் தகரத்துல பட்டு எதிரொலிக்கும்மா. அதெல்லாம் உனக்குப் புரியாது. வா, ஏறு. இனி அந்த ‘டொக்’தான் பாக்கி.

மனைவி: அத ஏன் கேக்கறீங்க. அது என் காலுக்கு அடியில வருது.

கணவர்: என்ன சொன்ன?

மனைவி: என் காலுக்கு அடியிலன்னேன்! கத்திக் கத்தித் தொண்ட காயுது.

கணவர்: எஞ்சின் சத்தம், அதான். இல்லம்மா, அது வலது பக்கம். என் பக்கம். அந்தப் பக்கம் ஷாக் அப்சார்பர் மாத்தியாச்சு. ரப்பர் புஷ் மொத்தமும் மாத்தியாச்சு. உன் தம்பி பொறுமையா எல்லாத்தயும் மாத்திக் குடுத்துட்டான்.

மனைவி: அப்புறமும் கேக்குது.

கணவர்: அப்புறமும் கேக்குது.

மனைவி: ஏங்க, வேலி ஒரு பக்கம் இருக்க, ஓணானத் தேடி இன்னொரு பக்கம் போனா எப்படி? அந்தப் பள்ளத்துல இடது சக்கரத்த மட்டும் எறக்குங்க.

கணவர்: வேணாம், உனக்கு இடுப்பு வலி...

மனைவி: எறக்குங்கன்றேன்ல!

கணவர்: சரி... இந்தா.

மனைவி: பாத்தீங்களா! உள்ளங்கால்ல உளி வெச்சு அடிச்ச மாதிரி ஏறுது. நேரா தம்பி பட்டறைக்கு ஓட்டுங்க.

கணவர்: இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. பாவம், அவனும் மனுஷன்தானே. நாளைக்கு மலைக்குப் போய்ட்டு வந்து பாத்துக்கலாம்.

மனைவி: மலைக்கு இந்த வண்டியிலயா?

கணவர்: பின்ன? அருவிச் சத்தம் பதிவு பண்ணணும். மைக்கப் பின்னாடி போட்டுட்டு வளைவு வளைவா ஏறினா... ஆஹா. நீயும்தான் வரேன்னு சொன்னியே.

மனைவி: அதனாலதான் சொல்றேன். பட்டறைக்கு ஓட்டுங்க. மெதுவா. ஊர்வலம் போற மாதிரி.

மச்சான்: வாங்கத்தான். வாக்கா. சட்டரத் தொறந்து வெச்சது தப்பாப் போச்சு போல?

மனைவி: தம்பி, இடது முன்சக்கரத்தத் தூக்கிப் பாருடா.

மச்சான்: இடதா? அத்தான் வலதுன்னாரே?

கணவர்: உங்கக்கா ஆசப்படறா. சும்மா தூக்கிக் காட்டு. மனசு ஆறும்.

மச்சான்: ஜாக்கி போட்டுட்டேன். சக்கரம் தரைய விட்டுடுச்சு. மேல ஒரு கை, கீழ ஒரு கை... இப்படி ஆட்டிப் பாக்கறேன்...

மனைவி: என்னடா?

மச்சான்: அத்தான், இங்க வந்து குனிங்க. டார்ச்சுக்கு நேரா பாருங்க. சக்கரத்த வண்டியோட சேத்துப் புடிக்கற மூட்டு இது. பால் ஜாயின்ட். நம்ம தோள்பட்ட மாதிரிதான், குழிக்குள்ள பந்து உக்காந்திருக்கணும்.

கணவர்: இது... வெளிய எட்டிப் பாக்குதே.

மச்சான்: பாதி வெளியதான் இருக்கு. இன்னும் ஒரு நல்ல குழியில விழுந்திருந்தா மொத்தமும் கழண்டிருக்கும். சக்கரம் மடங்கிக் கீழ படுத்துடும். ஸ்டீயரிங் உங்க கையில இருக்கும், வண்டி உங்க பேச்சக் கேக்காது.

மனைவி: நாளைக்கு மலைக்குக் கெளம்பறார்டா.

மச்சான்: மலைக்கா? இந்தச் சக்கரத்தோடயா? அத்தான், உக்காருங்க. அந்த டயர் மேல உக்காருங்க. மொகம் வெளுத்துப்போச்சு. அக்கா, பானையில தண்ணி இருக்கு பாரு.

மனைவி: இந்தாங்க. குடிங்க.

மச்சான்: தப்பு என்னோடதுதான்க்கா. ரெண்டு பக்கமும் தூக்கிப் பாத்திருக்கணும். ஊர்ல பாதிப் பாட்டு இவரு காத நம்பித்தான் வெளிய வருது. அப்பேர்ப்பட்ட காது வலதுன்னு சொன்னா, நான் எதுக்கு இடதப் பாக்கணும்னு இருந்துட்டேன்.

கணவர்: உன் மேல தப்பில்லடா. நான்தான்... உன் மேல தப்பே இல்ல.

மச்சான்: பழைய வண்டிச் சாமான் கடைக்காரர் பின்தெருவுலதான் இருக்கார். வீட்டக் கடை ஆக்கி வெச்சிருக்கார், ஞாயிறு திங்கள்னு பாக்க மாட்டார். போய் எழுப்பிட்டு வரேன். யாரும் வண்டியத் தொடாதீங்க.

மனைவி: போய்ட்டு வா... என்னங்க, இன்னும் கொஞ்சம் தண்ணி குடிங்க.

கணவர்: உன்னயும் கூட்டிட்டுப் போறதா இருந்தேன்டி.

மனைவி: போகலயே. உக்காந்திருக்கோமே. ரெண்டு பேரும்.

கணவர்: எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நன்றின்னா கடைக்காரன்கிட்ட சொல்ற மாதிரி இருக்கு. நீ ஒத்தக்கால்ல நிக்கலன்னா இன்னிக்கு...

மனைவி: சொல்லுங்க, சொல்லுங்க. கல்யாணம் ஆன நாள்லேந்து கேக்காத வார்த்த. நல்லா நிமிந்து உக்காந்து கேக்கறேன்.

கணவர்: வெளையாடாத. மனசார சொல்றேன். நீ என் உயிரக் காப்பாத்தின.

மனைவி: சரி. மனசார வாங்கிக்கிட்டேன். இப்ப நான் கேக்கறதுக்கு மனசார பதில் சொல்லுங்க. ஒரு தந்தி கொஞ்சம் சுதி எறங்கினா தூக்கத்துலயும் முழிச்சுக்கற ஆளு நீங்க. இடது வலது எப்படித் தப்பும்?

கணவர்: அதான் சொன்னேனே, எதிரொலி...

மனைவி: ம்ம்.

கணவர்: தகரம்...

மனைவி: ம்ம்.

கணவர்: ...எனக்கு எல்லாச் சத்தமும் வலது பக்கத்துலேந்துதான் வருதும்மா.

மனைவி: எப்பலேந்து?

கணவர்: மழைக்காலத்துல ஒரு காய்ச்சல் வந்துச்சே. படுத்தப்ப ரெண்டு காது இருந்துச்சு. எந்திரிச்சப்ப இடது காதுல யாரோ பஞ்சடச்ச மாதிரி... பஞ்சு எடுக்கவே இல்ல.

மனைவி: டாக்டரப் பாத்தீங்களா?

கணவர்: பாத்தேன். சளி சரியாகட்டும், தானா தொறந்துக்கும்னு தள்ளிப்போட்டுட்டுத்தான் போனேன். இனிமே வராதுன்னுட்டார். இன்னொரு காது தங்கம் மாதிரி இருக்காம். ஆனா சத்தம் எந்தத் திசையில வருதுன்னு சொல்ல ரெண்டும் வேணுமாம்.

மனைவி: ஸ்டுடியோவுல எப்படிச் சமாளிக்கறீங்க?

கணவர்: திரையில ரெண்டு கோடு எகிறும். இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணு. அதக் கண்ணால பாத்துத்தான் பாட்டக் கலக்கறேன். வீணை எந்தப் பக்கம் உக்காந்திருக்குன்னு கண்ணாலதான் கேக்கறேன். வெளிய சொன்னா யாரு எனக்கு வேல குடுப்பா? உங்கிட்டச் சொன்னா நீ அழுவ.

மனைவி: நான் அழறேனா இப்ப?

கணவர்: இல்ல.

மனைவி: நாளைக்கு அருவிக்குப் போகப்போறதில்ல. ஸ்டுடியோவுக்குப் போங்க. உங்க முதலாளிகிட்ட உள்ளத உள்ளபடி சொல்லுங்க. இத்தன மாசமா நீங்க கலந்த பாட்டுல ஒண்ணையாவது அவர் திருப்பி அனுப்பினாரா?

கணவர்: இல்ல. போன பாட்டுக்குக் கூப்பிட்டுக் கைகூடக் குடுத்தார்.

மனைவி: அப்புறம் என்ன? திசையச் சொல்ற இடத்துல பக்கத்துல ஒரு ஆள உக்கார வெச்சுக்கோங்க. இன்னிக்கு வண்டியில என்னய உக்கார வெச்ச மாதிரி.

கணவர்: சொல்லிடறேன். நாளைக்கே சொல்லிடறேன். ...இவ்வளவு பாரமா இருந்துச்சுன்னு எறக்கி வெக்கறப்பதான் தெரியுது.

மனைவி: பாரம்னா ரெண்டு பேரா தூக்கற சாமான்ங்க. நீங்க ஏன் தனியா தூக்கினீங்க?

கணவர்: தெரியல. ...ஆமா, நீ ஏன் கொஞ்சம்கூட அதிரல? நான் இவ்வளவு பெரிய விஷயம் சொல்றேன், உப்பு இல்லன்னு சொன்ன மாதிரி கேட்டுக்கிட்டு நிக்கற?

மனைவி: அதெல்லாம் ஒண்ணுமில்ல.

கணவர்: இரு. இன்னொண்ணும் இடிக்குது. இந்த வண்டியத் தகரடப்பான்னு சொல்லி ஏறவே மாட்ட. இப்ப சில மாசமா நான் சாவிய எடுத்தாப் போதும், செருப்ப மாட்டிக்கிட்டு வந்து நிக்கற. நடந்தா முட்டி வலிக்குதுன்ன. நானும், போகட்டும், ஒரு வழியா வண்டி மேல பாசம் வந்துடுச்சுன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டிருந்தேன்.

மனைவி: முட்டி வலிக்கறவ தரையோட தரையா கெடக்கற அந்த சீட்டுல குனிஞ்சு ஏறுவாளாக்கும்? உங்களுக்குக் காய்ச்சல் விட்ட மறுநாள் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க வண்டிய வெளிய எடுக்கறீங்க, இடது பக்கத்துலேந்து ஒரு லாரி ஹார்ன் அடிச்சுக்கிட்டே வருது. தெருவே திரும்பிப் பாத்துச்சு, நீங்க மட்டும் திரும்பல. லாரிக்காரன் எப்படியோ ஒடிச்சுத் திருப்பிட்டுப் போய்ட்டான். நீங்களா சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு அன்னிக்கு முடிவு பண்ணேன்... அதுக்காக உங்கள இடது பக்கத்துல யாருமில்லாம அனுப்ப முடியுமா?