மெம்பர்களுக்கு மட்டும்

"ஹலோ... ஆமா, நான்தான்... நான்தான்டா பேசறேன், இந்த ஆத்துல வேற எந்த ஆம்பளை போன் எடுப்பான்?... மெதுவாச் சொல்லு குரு, காது கிழியறது... என்ன எழுதினேன்?... எங்கே எழுதினேன்?"

ராகவேந்திரன் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் மனைவி சாவித்ரியின் தம்பி குருபிரசாத். சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து அவன் பேசினால் இங்கே கல்கத்தா பாலிகஞ்சில் கேட்பதற்கு டெலிபோன் எதற்கு என்பது அத்திம்பேரின் நெடுநாளைய அபிப்பிராயம். சாவித்ரி கடைக்குப் போயிருந்தாள். வீட்டில் அவரும் கம்ப்யூட்டரும்தான்.

"ஓ... அதைச் சொல்றியா... ஆமா, எழுதினேன். போன வாரம் வெப்சைட்ல போட்டேன். அதுக்கென்ன இப்போ?... இரு, இரு. முதல்ல இதுக்குப் பதில் சொல்லு. நீ எப்படி அதைப் படிச்சே? அது மெம்பர்களுக்கு மட்டும். நீ மெம்பரா?... இல்லையோல்லியோ? ரெண்டு வருஷமாக் கெஞ்சறேன், சந்தா கட்டுடான்னு. சொந்த மச்சினன் கட்டலை. இப்போ ஓசியில படிச்சுட்டுக் கத்தறதுக்கு மட்டும் வந்துட்டே... கத்தலையா? சரி, இது உன் சாதாரணக் குரல்தான்."

வெப்சைட்டின் கதை இது. ராகவேந்திரன் துறைமுக ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் ஹூக்ளி நதியின் ஏற்றத்தையும் வற்றத்தையும் கணக்குப் போட்டவர். ரிட்டயர் ஆன பிறகு சூரியனைக் கணக்குப் போட ஆரம்பித்தார். அப்போதுதான் தெரிந்தது, ஊர்த் தமிழர்கள் எல்லோரும் மெட்ராஸ் காலண்டரைச் சுவரில் மாட்டிக்கொண்டு மெட்ராஸ் சூரியனை நம்பி வாழ்கிறார்கள் என்பது. கல்கத்தாவில் வெயில் காலத்தில் சூரியன் முக்கால் மணி நேரம் முன்னாலேயே வந்துவிடுகிறது. ராகு காலமோ சூரிய உதயத்திலிருந்து எண்ண வேண்டியது. ஆக, நல்ல நேரம் என்று நினைத்து இவர்கள் ராகு காலத்தில் பால் காய்ச்சியிருக்கிறார்கள், ராகு காலத்தில் தாலி கட்டியிருக்கிறார்கள். இந்தக் கண்டுபிடிப்பு கொடுத்த சந்தோஷத்தைப் பென்ஷன்கூட அவருக்குக் கொடுத்ததில்லை.

அதை வைத்துத் தொடங்கியதுதான் 'சூர்யோதயம்'. கல்கத்தா நேரப்படி தினசரிப் பஞ்சாங்கம். காசு கட்டாதவனுக்கு வெறும் தேதி மட்டும் தெரியும். மற்றதெல்லாம் பாஸ்வேர்டுக்கு உள்ளே. வாரம் ஒருமுறை 'இந்த வார அசடு' என்று அவரே ஒரு பத்தி எழுதுவார். அதில் ஊரில் யாராவது ஒருவர் மாட்டிக்கொள்வார். குருவின் பெண் சஹானா, சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவள், அவள்தான் வெப்சைட்டைக் கட்டிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து அத்திம்பேரின் கோழிக் கிறுக்கலைப் பார்த்து டைப் அடித்து ஏற்றிவிட்டுப் போவாள்.

"பேரே போடலையே நான். 'மெட்ராஸிலிருந்து வரவிருக்கும் ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர்'னுதானே எழுதினேன். இந்தியாவுல எத்தனை பேங்க் இருக்கு, எத்தனை மேனேஜர் ரிட்டயர் ஆறான்... சரி... சரி, லேக் மார்க்கெட் ஹால்ல திங்கக்கிழமை கார்த்தால ஏழு மணிக்குப் பிள்ளையோட நிச்சயதார்த்தத்தை வச்சிருக்கறவர் ஒருத்தர்தான். ஒத்துக்கறேன். உன் சம்பந்தியைத்தான் எழுதினேன். எழுதினதுல என்ன பொய்? திங்கக்கிழமை ராகு காலம் ஏழரைக்குன்னு அங்கே காலண்டரைப் பாத்துட்டு, அதுக்குள்ள முடிச்சுடலாம்னு ஏழு மணிக்கு மோதிரம் மாத்தச் சொல்றார். இங்கே அன்னிக்கு ஆறு முப்பத்தஞ்சுக்கே ஆரம்பிச்சாச்சு! நான் போன் பண்ணிச் சொன்னதுக்கு என்ன சொன்னார் தெரியுமோ அந்த மஹாதேவன்? 'எங்க குடும்பத்துல இதுதான் வழக்கம்'னார். சூரியன் என்ன அவர் குடும்பமா?... 'இவர் விட்டால் சூரியனுக்கே டிரான்ஸ்பர் ஆர்டர் போடக்கூடியவர்'னு ஒரு வரி எழுதியிருந்தேனே, அது எப்படி? நன்னா விழுந்திருந்துதோல்லியோ?... ஏன்டா, நல்ல வரியை நல்ல வரின்னு சொன்னா என்ன குறைஞ்சுபோயிடுவே?"

அவர் சொல்லிச் சிரித்தார். அந்தப் பக்கம் சிரிக்கவில்லை போலிருக்கிறது.

"யாரு?... மஹாதேவனே படிச்சாரா? மெட்ராஸ்லயா?... அதெப்படி? அவர் மெம்பரே இல்லையே... மொத்தம் எத்தனை மெம்பரா? அது எதுக்கு உனக்கு?... மூணு. ஆமா, மூணு பேர்தான். அதுல ஒருத்தன் நான்... சிரிக்காதே. எனக்கு நானே சந்தா கட்டினேன்டா. ரூல்னா ரூல்... ம்... ம்... என்னது?... நிறுத்திட்டாரா?... நிச்சயதார்த்தத்தையா?... ரயில் டிக்கெட்டைக்கூடக் கேன்சல்..."

ராகவேந்திரன் எழுந்து நின்றார். உட்கார்ந்தார். மேஜைமேல் இருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார், பேசுவதற்கு என்னவோ கண்ணாடி தேவை என்பதுபோல.

"சரி... சரிடா... இன்னும் கேன்சல் பண்ணலைன்னு முதல்லயே சொல்லித் தொலையறதுதானே? நாளைக்குள்ள நான் எழுதினதை எடுத்துட்டு, மன்னிப்புக் கேட்டு லெட்டர் போட்டா வருவாராமா?... இல்லேன்னா சம்பந்தமே வேண்டாமாமா? அடேயப்பா. என்ன மனுஷன்! நான் எழுதினதுல ஒரு நிமிஷம் தப்புன்னு காட்டச் சொல்லு, மெட்ராஸ் வரைக்கும் போய் நமஸ்காரம் பண்றேன். நிமிஷம் சரியா இருக்கறவன் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?... ஆமா, சஹானா கல்யாணம்தான். எனக்குத் தெரியாதா? உனக்கு முன்னாடி அவளைத் தூக்கினவன் நான்... போஸ்ட் கார்டா? என்ன போஸ்ட் கார்டு?"

பாஸ்வேர்டை அவர் போஸ்ட் கார்டில்தான் அனுப்புவார். சந்தா வந்ததும் ஒரு கார்டு, அதில் பாஸ்வேர்டு, அடியில் 'சூர்யோதயம்' என்று ரப்பர் ஸ்டாம்பு. ரகசியத்தைத் திறந்த கார்டில் எழுதுகிறோமே என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"கார்டுலதான் அனுப்புவேன். கவருக்கு எதுக்கு தண்டச் செலவு?... படிச்சா படிக்கட்டுமே! பெங்காலி போஸ்ட்மேனுக்குத் தமிழ் தெரியுமா? அப்படியே தெரிஞ்சாலும் அவன் ராகு காலம் பாத்தா லெட்டர் குடுக்கப்போறான்?... என்னது, மஹாதேவனுக்குக் கார்டு வந்துதா?... என் ஸ்டாம்போடயா?... நான் அனுப்பலை. சத்தியமா நான் அனுப்பலைடா. அவர் வீட்டு அட்ரஸே என்கிட்ட இல்லை... ஸ்டாம்பு இங்கே மேஜைமேலதான் கிடக்கறது, யார் வேணா எடுத்துக் குத்தலாம்... பேச்சை மாத்தலை... நம்பலைன்னா போ. நீ எப்போ நான் சொன்னதை நம்பினே? அந்தப் பழைய ஸ்கூட்டரை வாங்காதேன்னேன், நம்பினியா?... யார்கிட்ட குடுக்கறே? சஹானாகிட்டயா? குடு. அவளாவது மனுஷா மாதிரிப் பேசுவா."

குரல் அந்த இடத்தில் தானாகவே இறங்கியது. ராகவேந்திரன் ஊரில் யாரையும் விட்டுவைத்ததில்லை, இந்த ஒருத்தியைத் தவிர.

"சஹானாவா... அழறியாடி கண்ணா?... அழலையா? பின்னே ஏன் குரல் இப்படி அமுங்கிக் கிடக்கு?... அப்பா எங்கே?... தண்ணி குடிக்கப் போனானா? குடிக்கட்டும், நிறையக் குடிக்கட்டும். நீ கவலைப்படாதே. நான் லெட்டர் எழுதறேன்... ஆமாடி, எழுதறேன். உங்கப்பன்கிட்ட அப்படித்தான் பேசுவேன், அதுக்காக உன் கல்யாணத்தைக் கெடுப்பேனா? 'மன்னிக்கவும்'கற வார்த்தை என் பேனாவுல வராது. நீயே டைப் அடிச்சுடு, நான் கண்ணை மூடிண்டு கையெழுத்துப் போடறேன்... என்ன?... வேண்டாமா?... ஏன் வேண்டாம்?... சத்தமாச் சொல்லு, கேக்கலை... கார்டை யாரு?"

"நீயா?"

ராகவேந்திரன் மேஜைமேல் கிடந்த ஸ்டாம்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அந்த ஆளைப் பத்தித்தான் எழுதியிருக்கேன்னு தெரிஞ்சேதான் டைப் அடிச்சியா?... அப்புறம் என் ஸ்டாம்பை எடுத்து... ஏன்டி? என்னாச்சு?... ம்... கல்யாணமானா வேலையை விட்டுடணும்னாரா? யாரு, மஹாதேவனா?... பையனும் சரின்னு தலையாட்டிட்டானா?... நீ முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?... மூணு தடவை சொன்னியா?... குரு என்ன சொன்னான்?... ம்... 'எல்லாப் பொண்ணும் முதல்ல இப்படித்தான் சொல்லும்'னானா. சொல்லுவான். அம்மா?... ம்... அதுசரி, இதை ஏன் என்கிட்ட சொல்லலை? வாராவாரம் வந்து பக்கத்துல உக்காந்துட்டுப் போறே, வாயைத் திறந்து ஒரு வார்த்தை..."

"சொன்னியா?... எப்போ?... ரெண்டு ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடியா?... நான் என்ன சொன்னேன்?..."

பதில் வந்தது. அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது. அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு ஏதோ ஆரம்பித்தாள். அவர் கையில் காகிதம் இருந்தது. அந்தச் சூரியன் வரியை அப்போதுதான் எழுதி முடித்திருந்தார், சூடு ஆறவில்லை.

"'அது கிடக்கட்டும், முதல்ல இதை அடி'ன்னேனா?... ம்... ஆமா. சொல்லியிருப்பேன்... இல்லைடி, நீ மன்னிப்புக் கேக்காதே. நீ எதுக்குக் கேக்கறே? சொல்லிப் பாத்தே, யாரும் காதுல போட்டுக்கலை. குருவை அசடுங்கறேன் நான். அவனாவது மூணு தடவை கேட்டுட்டு மாட்டேன்னான். நான் கேக்கவே இல்லை."

வெளியே டிராம் மணி அடித்துக்கொண்டு போயிற்று. அவர் அது போகும்வரை காத்திருந்தார்.

"சரி, ஒண்ணே ஒண்ணு. நிஜத்தைச் சொல்லணும். அந்த டிரான்ஸ்பர் ஆர்டர் வரி... அதை அடிக்கறச்சே சிரிச்சியா?... சிரிச்சியோல்லியோ. போதும்... இப்போ நான் சொல்றதைக் கேளு. லெட்டர் போகாது, இந்தக் கல்யாணமும் நடக்காது. கார்டு பத்தி நீ யார்கிட்டயும் மூச்சு விடாதே, அம்மாகிட்டகூட. தெரிஞ்சா குரு உன்னை வேலைக்கே அனுப்பமாட்டான், அடுத்த வாரமே வேற எவனாவது பேங்க் மேனேஜரைப் பிடிச்சுண்டு வருவான்... வரானா? போனைக் குடு. நீ வாயைத் திறக்காதே. கேட்டியா? நான் பாத்துக்கறேன். அவன்கிட்ட குடு."

தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. ஆனால் ஏளனம் செய்து நல்ல பழக்கம். அந்தக் குரலில் எதைச் சொன்னாலும் மச்சினன் நம்புவான்.

"என்னடா, தண்ணி குடிச்சாச்சா?... பேசினேன். முடியாதுன்னுட்டேன்... ஆமா, அவகிட்டயே முடியாதுன்னுட்டேன். லெட்டரும் கிடையாது, ஒரு எழுத்தை எடுக்கவும் மாட்டேன். சூரியனைத் தெரியாதவன்கிட்ட என்ன மன்னிப்பு?... கார்டா? நான்தான் போட்டேன்... ஆமா, அப்போ இல்லைன்னேன், இப்போ ஆமாங்கறேன்... அட்ரஸா? நீ குடுத்த ஜாதகக் கவர்மேலயே இருந்துது. வேணும்னேதான் போட்டேன். மெட்ராஸ்ல உக்காந்துண்டு தன்னைப் பத்தித் தானே படிச்சுக்கட்டுமேன்னு போட்டேன்... குடிகாரன் மாதிரிப் பேசறேனா? காபியே இன்னும் குடிக்கலைடா... சொல்லு... சொல்லு, இன்னும் என்ன பாக்கி?... பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்த பாவியா? சரி. பாவி. எழுதிக்கோ."

குருபிரசாத் விடாமல் பேசினான் போலிருக்கிறது. ராகவேந்திரன் நடுவில் புகவில்லை. முப்பது வருஷத்தில் மச்சினனை அவர் இத்தனை நேரம் பேசவிட்டது இதுதான் முதல் தடவை.

"...வரலை. உன் வாசப்படியை மிதிக்கலை. நீ பாக்கு வெத்தலை வச்சுக் கூப்பிட்டாலும் வரமாட்டேன், போ... சஹானாவையும் இங்கே அனுப்பமாட்டியா?... ஞாயித்துக்கிழமைகூடவா?... ம்... சரி... சரி, அனுப்பாதே. வெப்சைட் கிடக்கட்டும். மூணு மெம்பர்தானே, போன்லயே சொல்லிக்கறேன்... வேற?... யாரு?... சாவித்ரியா?"

"அவளை எதுக்குடா இதுல இழுக்கறே? அவளுக்கு ஒண்ணும் தெரியாது... அவ உன் அக்காடா... நான் பண்ணினதுக்கு அவ என்னடா பண்ணுவா? பாய்ஃபோட்டாப் பண்டிகைக்கு வருஷம் தப்பாம ஹவுரா தாண்டி வந்து உனக்குச் சந்தனப் பொட்டு வைக்கறவடா அவ. அன்னிக்கு ஜுரத்தோட வந்தாளே... குரு, என்னைச் சொல்லு. என்னை எத்தனை வேணாச் சொல்லு... அவ முகத்துல முழிக்கமாட்டேன்னெல்லாம் சொல்லாதேடா... குரு... இதோ பாரு, நான் சொல்றதை... ஹலோ... ஹலோ... குரு..."

லைன் போய்விட்டது. ராகவேந்திரன் இன்னும் இரண்டு தடவை ஹலோ சொல்லிப் பார்த்துவிட்டு ரிசீவரை வைத்தார்.

சாவித்ரி வந்ததும் சொல்லியாக வேண்டும். உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னால் அவள் ஒரு மணி நேரம் தாங்கமாட்டாள், தம்பிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள், பெண் மாட்டிக்கொள்ளும். அவளிடமும் இதே பொய்யைத்தான், இதே குரலில்தான் சொல்ல வேண்டும். அவளும் உடனே நம்பிவிடுவாள்.