மூணாவது இலை

மிதக்கிற செடியைக் கண்டுபிடிக்கிறது பெரிய வித்தை இல்ல சார். குச்சியால இழுத்துப் பாருங்க. கூடவே வந்தா மிதக்கிறது. வர மாட்டேன்னு முரண்டு பிடிச்சா வேர் விட்டது. இருபத்திரண்டு வருஷமா குளம் குளமாப் போய் நான் பார்த்த வேலை இவ்வளவுதான்.

சால்வினியான்னு ஒரு மிதக்கிற களை, அது மட்டும் கொஞ்சம் ஏமாத்தும். ஒரு கணுவுல மூணு இலை. ரெண்டு மேல மிதக்கும், மூணாவது தண்ணிக்குள்ள நார் நாராத் தொங்கும். பார்த்தா வேர்னுதான் தோணும். அதுக்கு வேரே கிடையாது.

என் மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆச்சு. குளத்தோரத்துல குவார்ட்டர்ஸ். வீட்டுல ரெண்டு நாற்காலி; ஒண்ணுல நான், இன்னொண்ணுல என் சட்டை. களை வாரும் படகு ஓட்டுற அண்ணன் வந்தா மட்டும் சட்டை ஆணிக்குப் போகும். என்னைப் 'பாசி டாக்டர்'னு கூப்பிடுவார். "உங்க கைக்கு டீ வராது டாக்டர், நகருங்க"ன்னு அடுப்பைப் பிடுங்கிக்குவார். நாலு நாள்ல களையை வாரிட்டுக் கிளம்பிடுவார். அப்புறம் வாயைத் திறந்து பேச ஆள் இருக்காது. தாங்க முடியல சார். அதனால பக்கத்துக் குளத்துல இருந்து ஒரு பக்கெட் சால்வினியா கொண்டுவந்து நானே போட்டேன். வருஷத்துக்கு ரெண்டு தரம். யாருக்கும் நஷ்டமில்ல.

போன மாசம் வந்தப்ப, "இதுதான் கடைசி டாக்டர், இனிமே மக வீட்டோட இருக்கப்போறேன்"னார். சிரிச்சுக்கிட்டே சொன்னார்.

மிதக்கிற களைன்னா படகு விடலாம், நாலு நாள். வேர் விட்ட களைன்னா படகு கூடாது, பிளேடு சிக்கிக்கும். இறங்கி நின்னு கையால அறுக்கணும், மூணு வாரம் ஆகும். என் ரிப்போர்ட்தான் முடிவு. அந்தத் தடவை வேர் விட்டதுன்னு எழுதினேன். மூணு வாரம்தான் சார் கேட்டேன்.

அவர் ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தார். "அட, ஆமா, வேர் இருக்கே"ன்னார். வேர் விட்ட களை இருந்தா இடுப்பளவுக்கு மேல ஆழம் இருக்காதுன்னு அவருக்கு அனுபவம். போன கோடையில தூர் வாரினதுல கரையை ஒட்டியே மூணு ஆள் ஆழம். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. குச்சி விட்டுப் பார்த்துட்டு இறங்குவார்னு நினைச்சேன். பார்க்கல. என் எழுத்து மேல அவ்வளவு நம்பிக்கை.

அப்ப நான் வீட்டுக்குள்ள இருந்ததா உங்க ஸ்டேஷன்ல முதல்ல சொன்னது பொய். பத்தடி தள்ளி, கையில டீ கிளாஸோட நின்னேன். அவர் நெஞ்சு வரைக்கும் வர்ற ரப்பர் பூட்ஸை மாட்டிக்கிட்டு இறங்கினார். பூட்ஸுல தண்ணி நிறைஞ்சிருக்கணும். களைக்கு அடியில இருந்து ஒரு கை மேல எழும்பிச்சு. அப்புறம் களை மூடிக்கிச்சு.

'இறங்காதீங்க அண்ணே'ன்னு சொல்லியிருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்துச்சு. சொல்லியிருந்தா ரிப்போர்ட் பொய்னு தெரிஞ்சிருக்கும். பிழைச்சிருப்பார், வாஸ்தவம்தான். ஆனா அன்னைக்கே மக வீட்டுக்கு பஸ் ஏறியிருப்பாரே சார்.