சிரித்தால் ஒரு கோடு

கைப்பிடி கழன்று என் கையோடு வந்துவிட்டது, மேடம். விசாரணைக்கு வந்தவன் கதவையாவது மரியாதையாகச் சாத்துவோமே என்று கொஞ்சம் அழுத்தினேன். அதற்கு என்மேல் அவ்வளவு பாசம். விசாரிக்கப்பட வந்தவன் விசாரிக்க வந்தவரையே அறைக்குள் பூட்டிவிட்டான் என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். உள்ளே இருந்த கம்பியும் இதோடு வந்துவிட்டதால் வெளியிலிருந்தும் திறக்காது. வாட்ச்மேன் தச்சரைக் கூட்டிவரப் போயிருக்கிறார். அவருக்குக் காது மந்தம், ஆகவே யாரைக் கூட்டிவருவார் என்பது அவர் வந்து சேர்ந்த பிறகுதான் தெரியும். அதுவரை பேசிக்கொண்டிருப்போம். ஏன் செய்தீர்கள் என்று கேட்டீர்கள். கேட்டதற்கு நன்றி. இத்தனை நாளாக என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை.

பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் எழுதப் படிக்கக் கற்க வருகிறவர்கள் நம் மாணவர்கள். அவர்களுக்கு மூன்று அறைகள். முதல் அறையில் எழுத்துக் கூட்டுவார்கள். இரண்டாவதில் வாக்கியம். மூன்றாவதில் செய்தித்தாள் படிப்பார்கள், விண்ணப்பம் நிரப்புவார்கள். யார் எந்த அறையில் உட்கார வேண்டும் என்று வாசிக்க வைத்துச் சோதித்துச் சொல்வது நான். முதல் அறைக்குப் பாடம் எடுப்பதும் நானே. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தது யார் என்று நான் கேட்கப் போவதில்லை. அது உங்கள் அலுவலக விஷயம்.

சோதனை எளிமையானது. ஓர் அட்டை, அதில் ஒரு சின்னக் கதை. மாணவர் உரக்க வாசிப்பார். சொல் தவறினால் ஒரு கோடு போடுவேன். வரி தவறினாலும் ஒரு கோடு. கோடுகள் சேர்ந்துவிட்டால் இருந்த அறையிலேயே இன்னொரு பருவம். எந்தக் கோடு எதற்கு விழுந்தது என்று மாணவரிடம் சொல்வதில்லை. நான் பொய்க்கோடு ஒன்றுகூடப் போட்டதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது என் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் ஒரு ஜோக் சொன்னால் என் மனைவி, "சாப்பாட்டுல உப்பு சரியா இருக்கா?" என்பாள். கல்யாணமான நாளிலிருந்து உப்பு சரியாகத்தான் இருக்கிறது. ஆசிரியர் அறையிலும் இதே கதைதான். மூன்றாவது அறை டீச்சரிடம் ஒரு முறை என் சிறந்த சரக்கை எடுத்துவிட்டேன். அவர் சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். குற்றம் சொல்லவில்லை. பாட்டுக்காரனுக்குப் பாட்டு எப்படியோ, எனக்கு ஜோக் அப்படி. வராவிட்டாலும் விட முடியாது.

அப்படிப்பட்டவன் ஒரு மாலை முதல் அறைக்குள் நுழைந்து, எறும்பு பஸ்ஸில் கைக்குட்டை போட்டு யானைக்கு ஜன்னலோர சீட் பிடித்த கதையைச் சொன்னேன். இரண்டாவது பெஞ்சில் ஓர் ஒடிசலான அம்மா. பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிறவர். முதலில் அவர் தோள் குலுங்கியது. அப்புறம் சிரிப்பு வந்தது. வெண்கலக் கடைக்குள் யானை புகுந்த மாதிரி ஒரு சிரிப்பு. அவரைத் தொற்றிக்கொண்டு தையல்காரர் சிரித்தார், பெயிண்டர் பெஞ்சைத் தட்டினார், கடைசி வரிசை வரைக்கும் அலை போய்த் திரும்பி வந்தது. அன்று நான் வீட்டுக்கு நடந்து போகவில்லை, மேடம், மிதந்து போனேன். மறுநாள் முதல் அந்த அம்மாவை வெண்கலக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அதற்கும் சிரித்தார்.

பருவம் முடிந்தது. வெண்கலக்கா என் எதிரே உட்கார்ந்து அட்டையை வாசித்தார். தண்ணீர் ஓடுகிற மாதிரி வாசித்தார். இந்த வேகத்தில் போனால் இவர் மேல் அறைக்குப் போய்விடுவார். மூன்றாவது அறையில் மின்விசிறிச் சத்தமும் தாள் புரளும் சத்தமும் தவிர வேறொன்றும் கேட்காது. அங்கே அந்தச் சிரிப்பு என்ன ஆவது? பாவம் இல்லையா? ஆகவே, அவருடைய பதற்றத்தைத் தணிக்கலாமே என்ற நல்லெண்ணத்தில், பாதி வரியில் எறும்பை அவிழ்த்துவிட்டேன். சிரித்தார். சிரித்ததில் வரி தவறியது. வரி தவறினால் ஒரு கோடு. விதியை நான் எழுதவில்லை.

அடுத்த பருவமும் இதே மாதிரிதான். அதற்கு அடுத்த பருவத்தில் யானைக்கு ஒரு மாமியாரைச் சேர்த்தேன். தையல்காரரும் பெயிண்டரும்கூட அப்படித்தான், வாசிப்பார்கள், நான் சொல்வேன், சிரிப்பார்கள், கோடு விழும். அக்கம்பக்கத்திலேயே மிகவும் சந்தோஷமான வகுப்பு என்னுடையது. கீழே டீக்கடைக்காரர்கூட, உங்க வகுப்பு சிரிக்க ஆரம்பிச்சா மணி ஏழுன்னு எனக்குத் தெரிஞ்சிடும் என்பார்.

சிரிக்காதவர்களை நான் ஒரு நாளும் தடுத்ததில்லை. மேலே அனுப்பிவிடுவேன். நம் வாட்ச்மேனையே எடுத்துக்கொள்ளுங்கள், அவரும் நம் மாணவர்தானே. நாலு ஜோக் சொன்னேன், முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. காது கேட்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் வாசித்தார் என்றும் சொல்ல முடியாது. அட்டையை மரியாதையாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆனால் தவறாக ஒரு சொல்கூடச் சொல்லவில்லையே, கோட்டை எங்கே போடுவேன்? நேராக மூன்றாவது அறை. அங்கே அவர் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்க, என்ன செய்தி என்று டீச்சர் காதருகே கத்திக் கேட்டாராம். "எல்லாம் பழைய நியூஸுதான் டீச்சர்" என்றாராம். நான் கேட்டதிலேயே நல்ல ஜோக் அது. டீச்சர் சிரிக்கவில்லை. உங்களுக்கு ஃபோன் செய்தார். இப்படித்தான் நாம் இருவரும் இந்த அறைக்கு வந்து சேர்ந்தோம்.

வெண்கலக்கா என்னிடம் கேட்டாரா என்கிறீர்கள். ஒரே ஒரு தடவை கேட்டார். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"சார், டிப்போவுல கழுவுறவங்களையே கண்டக்டரா எடுக்கறாங்க. மூணாவது ரூம் வரைக்கும் படிச்சேன்னு சர்டிபிகேட் கேக்கறாங்க. இந்தத் தடவ விட்டா எனக்கு வயசு தாண்டிடும். குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு, சார்."

நான் சொன்னேன்: "எறும்பே யானைக்கு எடம் புடிச்சு வெச்சிருக்கு, உங்களுக்குக் கெடைக்காமப் போயிடுமாக்கா?"

சிரித்தார். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார் என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் அவர் பெஞ்சுக்கு என் சொந்தச் செலவில் ஒரு குஷன் வாங்கிப் போட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், மேடம், குஷன். மேல் அறைக்கு அனுப்பியிருந்தால் குஷனே தேவைப்பட்டிருக்காது என்கிறீர்கள். வாஸ்தவம். ஆனால் அது நல்ல குஷன்.

சற்று முன் நீங்களே அவருக்கு மூன்றாவது அறைக்கான புது அட்டை கொடுத்தீர்கள். என்னை மாடிப்படியில் உட்கார வைத்துவிட்டீர்கள். ஒரு கோடுகூட விழவில்லை என்றீர்கள். நீங்கள் ஜோக் எதுவும் சொல்லவில்லை, அதுதான் காரணம். சர்டிபிகேட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டீர்கள், இதோ உங்கள் மேஜைமேல் இருக்கிறது. டிப்போ ஆபீஸ் ஐந்து மணிக்கு மூடிவிடும். இன்றுதான் கடைசி நாள். அதை வாங்கிக்கொண்டு ஓடுவதற்காக அவர் வெளியே பெஞ்சில் காத்திருக்கிறார்.

ஆகவே கைப்பிடி விஷயத்தையும் நான் கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அது தளர்ந்துபோய் ரொம்ப நாளாகிறது. 'அழுத்த வேண்டாம், கைப்பிடியை மேலே தூக்கித் திறக்கவும்' என்று கதவுக்கு வெளியே ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது, பார்த்தீர்களா? எழுதி ஒட்டியது நான்தான். வாட்ச்மேனுக்காக எழுதினேன். அவரால் அதை வாசிக்க முடியவில்லை என்பது வேறு கதை. அழுத்தினால் கழன்றுவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அழுத்தினேன். இதே துளையில் செருகி மேலே தூக்கினால் இந்த நிமிடமே திறந்துகொள்ளும் என்பதும் தெரியும். எறும்பிலிருந்து உங்களுக்கு இவ்வளவு விரிவாகச் சொன்னதும் அதனால்தான். ஐந்து மணி தாண்டிவிட்டால் அவர் திங்கட்கிழமை முதல் அறைக்கே திரும்பி வருவார். குஷன் அங்கேயேதான் இருக்கிறது. நான் ஒரு ஜோக் சொல்வேன். அவர் சிரிப்பார்.

இவ்வளவுதான், மேடம். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். அவர்கள் சந்தோஷமாகத்தானே இருந்தார்கள்? சிரித்தது அவர்கள். நான் வெறும் சொன்னவன்.

"சார். அழுத்த வேண்டாம், கைப்பிடியை மேலே தூக்கித் திறக்கவும்னு எழுதியிருக்கு, சார்."

கேட்டீர்களா? வெண்கலக்காதான். ஒரு சொல் தடுக்கவில்லை. நான் எழுதிய ஒன்றை எனக்குக் கேட்கும்படி முதல் தடவையாக ஒருவர் முழுசாக வாசித்து முடித்திருக்கிறார். பாதியில் எறும்பு என் நாக்கு நுனி வரை வந்தது, மேடம். விழுங்கிவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, செருகிவிட்டேன். பாருங்கள், பிடித்துக்கொண்டது. தூக்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இத்தனை பருவம் கூடவே இருந்தவன், எனக்கு அந்த உரிமைகூட இல்லையா?

"அக்கா, கண்டக்டர் ஆனதும் நம்மள மறந்துடாதீங்க. ஒண்ணு மட்டும் மனசத் தொட்டுச் சொல்லுங்க. நான் சொன்னதுல எந்த ஜோக் உங்களுக்கு ரொம்பப் புடிச்சுது? எறும்பா, மாமியாரா?"

"ஒண்ணுக்குக்கூட எனக்குச் சிரிப்பு வந்ததில்ல, சார். சிரிச்சு உங்க மனசக் குளிர வெச்சா மேல அனுப்புவீங்கன்னு முதல் வாரமே நாங்க எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டோம். அதான் தொண்ட வலிக்கச் சிரிச்சோம். இப்ப கதவத் தொறங்க."