கம்பவுண்டர் அங்கப்பனுக்குப் பதினாலு ஊசி

அவிநாசியப்பர் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. மோர் நன்றாக இருந்தது. போலீஸ் ஸ்டேஷன் மோரில் கறிவேப்பிலை கிடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், ஏட்டையா. சூலூருக்கு மேற்கே தோட்டம் வைத்திருக்கும் அழகிரிசாமியாகிய நான், கம்பவுண்டர் அங்கப்பனைக் கடித்தேன். இதை மட்டும் எழுதி நிறுத்திவிட்டால் படிக்கிறவர்கள் என்னைக் கெட்டவன் என்று நினைப்பார்கள். அதனால் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஐம்பத்தாறில், ஒரு நாய் என் கெண்டைக்காலைக் கவ்விற்று. நாய்க்கடிக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு விதி உண்டு. கடித்த நாய் கண் முன்னால் இருந்தால் பத்து நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். நாய் செத்தாலோ, காணாமல் போனாலோ, கடிபட்டவன் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். என் நாய் அன்று சாயந்திரமே பொள்ளாச்சி ரோட்டில் போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அங்கப்பன் பதினாலும் போட்டார். கோணி தைக்கிற ஊசி அந்த ஊசிக்குக் குழந்தை.

"வவுத்த எக்காதீங்க நாயுடண்ணா. ஊசி வளைஞ்சு போச்சுன்னா சர்க்காருக்கு நட்டமுங்க" என்பார். ஒவ்வொரு நாளும் இதே பேச்சுத்தான். நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு சின்னச் சின்னக் கவலைகள் வந்தன. பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்பிரிட் வாசனை வந்தால் கால் தானாகப் பின்னால் நடக்கும். இட்லிப் பானை கொதிக்கிற சத்தம் ஊசி கொதிக்கிற சத்தம் மாதிரியே இருப்பதால், என் சம்சாரம் பங்காரம்மா இட்லியைப் பக்கத்துத் தோட்டத்தில் போய் அவித்துக்கொண்டு வருவாள். தொப்புளுக்கு மேல் ஒரு பித்தளைத் தட்டை அரைஞாணில் கட்டிக்கொண்டேன். வெறி பிடித்தவனுக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது என்பார்கள் அல்லவா? அதனால் மணிக்கொரு தரம் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துப் பார்த்து, எனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்வேன். ஆறு வருஷத்தில் இரண்டு கிணற்றில் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

இந்தச் சித்திரையில் அவிநாசித் தேருக்குக் கிளம்பினேன். என் மகள் ராமாமணியை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறது. காலரா ஊசி போட்ட சீட்டு இல்லாமல் யாரும் பஸ் ஏறக்கூடாது என்று உத்தரவு. பஸ் படிக்குப் பக்கத்தில் மேஜை போட்டுக்கொண்டு அங்கப்பன் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க நாயுடண்ணா. இது வெறும் கையில தானுங்க. தட்டத்த அவுக்க வேண்டியதில்லீங்க" என்றார். வரிசையில் நின்ற நாற்பது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே குனிந்து அவர் மணிக்கட்டைக் கடித்தேன். மேல் வரிசை, கீழ் வரிசை, இரண்டும் அச்சுக் குத்தினாற்போலப் பதிந்தன.

"அய்யோ, இவர ஏற்கெனவே நாய் கடிச்சிருக்குதுங்க! புடிங்க!" என்று அங்கப்பன் கத்தினார்.

டாக்டர் பழைய பதிவேட்டைப் புரட்டினாராம். நாய்க்கடி வரிசையில் என் பெயர் இருந்ததாம். விதி நாய்க்கு எழுதியதுதான், ஆனாலும் எச்சரிக்கையாக இருப்பது நல்லது, கடித்தவரைக் கூட்டிவாருங்கள், பத்து நாள் பார்ப்போம் என்றாராம். மிகவும் நியாயமான மனிதர். ஆனால் நான் அதற்குள் ஒரு நிலக்கடலை வண்டியில் அவிநாசி போய்ச் சேர்ந்திருந்தேன். காணாமல் போனால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தேர் பார்க்கப் போகிறவன் அதையெல்லாமா யோசிப்பான்?

மூன்றாம் நாள் அங்கப்பனின் சம்சாரம் குழந்தையம்மாள் ராமாமணி வீட்டுக்கே தேடிக்கொண்டு வந்தது. நான் முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன்.

"ஏனுங்கண்ணா, மூணு ஊசி ஆயிப்போச்சுங்க. வவுறு பூசணிக்காயாட்டம் கெடக்குதுங்க. நீங்க ஒரு எட்டு வந்து டாக்டருக்கு மூஞ்சியக் காட்டிப்போட்டீங்கன்னா மீதி பதினொண்ணையும் நிறுத்திப்போடுவாருங்க."

"அதுக்கென்ன அம்மணி, வாரேன். மொதல்ல உக்காரு" என்றேன்.

ராமாமணி எனக்கும் சேர்த்து ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் அப்போதுதான் என்னுடைய செம்பைக் குடித்து முடித்திருந்தேன். வயிற்றில் இடமில்லை. அதனால் செம்பைப் பார்த்து, கொஞ்சம் உடம்பை உதறி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். தொண்டையிலிருந்து ஒரு சின்னச் சத்தமும் வந்தது. முறுக்குத் துண்டாக இருக்கும்.

குழந்தையம்மாள் செருப்பைக்கூடப் போடாமல் ஓடியது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஜோடியைக் காகிதத்தில் சுற்றி, அந்தப் பக்கம் போகிற ஆளிடம் கொடுத்தனுப்பினேன்.

டாக்டர் ஜீப்பில் ஆள் அனுப்புவதாகக் கேள்விப்பட்டு, மறுநாள் தொண்டாமுத்தூரில் மைத்துனன் சென்னகிருஷ்ணன் தோப்புக்குப் போனேன். அங்கே இளநீர் நன்றாக இருக்கும். தோப்புக்குள் வந்த யானை ஒன்று பித்தளைத் தட்டைப் பார்த்துவிட்டு, கோயில்காரர் என்று நினைத்தோ என்னவோ, ஒதுங்கிப் போய்விட்டது. தினமும் காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி திறக்கிற நேரத்தில் ஓர் இளநீர் வெட்டச் சொல்லி, நாலிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தேன். பதினாலு ஆனதும் ஊருக்குக் கிளம்பினேன்.

அங்கப்பன் என்னைக் கண்டால் இப்போது எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார். போன வாரம் சந்தையில் ஒரு பித்தளைத் தட்டு வாங்கினாராம். பழிவாங்கினேன் என்று புகாரில் எழுதியிருக்கிறார். அது தவறு. ஒரு மனிதனுக்கு இன்னொரு மனிதனின் கஷ்டம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதிலிருந்து என் பயமெல்லாம் அடியோடு போய்விட்டது. அந்தக் காகிதத்தில் குத்தியிருக்கிற குண்டூசியை மட்டும் எடுத்து வெளியே போட்டுவிடுங்கள், ஏட்டையா, பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.

அங்க அடையாளம் என்று ஓர் இடம் விட்டிருக்கிறீர்களே, அதில் இதை எழுதிக்கொள்ளலாம்: ஐம்பத்தொன்பதாம் வருஷத்திலிருந்து என் வாயில் ஒரு பல்லும் கிடையாது.