பிராக்கெட் அண்ணன் அழித்த வரிகள்

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் இயக்குநர் அவர்களே, அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் வந்து உட்கார்ந்திருக்கும் தொலைபேசி அறைச் சகோதரிகளே, சுவரோரமாக நிற்கும் ஓட்டுநர் தோழர்களே, நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, உட்காருங்கள். எல்லோருக்கும் மேலாக, முதல் வரிசையில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் நிதானமாகப் பேசினார்கள், குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். எனக்கு அது வராது. இந்த ஆம்புலன்ஸ் சேவையின் கணினிப் பிரிவில் நான் சோதனை செய்பவள். இன்னொருவர் பாடுபட்டு எழுதிய நிரலை எப்படியாவது உடைத்துக் காட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால் மறைந்த எங்கள் அண்ணன் எனக்கு வைத்த பெயர் வில்லங்கம். காலையில் நான் உள்ளே நுழைந்ததும், "வாம்மா வில்லங்கம், இன்னைக்கு எதுல கை வைக்கப் போற?" என்பார். அந்தக் கேள்வி இல்லாமல் ஒரு வாரமாக வேலைக்கு வந்துகொண்டிருக்கிறேன். சகிக்கவில்லை.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பிராக்கெட் அண்ணன். ஏன் தெரியுமா? நம் நிரல் லிஸ்ப் என்ற கணினி மொழியில் எழுதப்பட்டது. அதில் எதை எழுதினாலும் அடைப்புக்குறிக்குள்தான் எழுத வேண்டும். அடைப்புக்குள் ஓர் அடைப்பு, அதற்குள் இன்னோர் அடைப்பு. எங்கள் அண்ணன் பேசுவதும் அப்படித்தான்! டீ குடிக்கலாமா என்று ஆரம்பிப்பார். டீயிலிருந்து தண்ணீர்க் குழாய்க்குப் போவார், குழாயிலிருந்து குழாய் பழுது பார்ப்பவரின் மைத்துனருக்குப் போவார். நாம் தொலைந்தோம் என்று நினைக்கும்போது, மைத்துனரை மூடி, குழாயை மூடி, கடைசியில் டீக்கு வந்து நிற்பார். டீ ஆறிப்போயிருக்கும், ஆனால் திறந்த பேச்சை மூடாமல் விட்டதே இல்லை!

அண்ணி சிரிக்கிறார்கள். வீட்டிலும் அப்படித்தானா? சரிதான்!

இப்பேர்ப்பட்ட மனிதர் நமக்கு என்ன செய்துவிட்டுப் போனார்? புதிதாக எதையாவது கட்டினாரா? இல்லை. பெரிய இயந்திரம் வாங்கி வைத்தாரா? இல்லை. அழித்தார்! ஆமாம், அழித்தார். நிரலில் இருந்த சிடுக்கான வரிகளைத் தேடித் தேடி அழித்துவிட்டு, சாதாரண வரிகளை அங்கே வைத்தார். அந்தச் சாதாரண வரிகளின் பெருமையைப் பேசத்தான் இந்த ஒலிவாங்கியைப் பிடித்திருக்கிறேன். என் குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொலைபேசி அறையில் ஒருவர் விலாசத்தைக் கேட்டுத் தட்டச்சு செய்கிறார். கதவெண் எது, தெரு எது என்று நிரல் பிரித்து ஓட்டுநரின் திரைக்கு அனுப்புகிறது. முன்பு அதைப் பிரித்துக்கொண்டிருந்தது ரெஜெக்ஸ் என்ற ஒரு சமாச்சாரம். தேட வேண்டியது எப்படி இருக்கும் என்பதை ஒரே வரியில் குறிகளாகவே எழுதிவிடுவது. நட்சத்திரம், கூட்டல், கேள்விக்குறி, சாய்கோடு. யாரோ கோபத்தில் விசைப்பலகையை மொத்தியது போல இருக்கும். கெட்டிக்காரத்தனமான வேலைதான், மறுக்கவில்லை. நல்லபடியாக ஓடும்வரை ஓடும். நின்றால் ஏன் நின்றது என்று ஒருவருக்கும் தெரியாது.

ஒரு நாள் நின்றது! தொலைபேசி அறையில் வெண்கலம் அக்கா பணியில் இருந்தார். வெண்கலம் யார் என்று நான் சொல்லவே வேண்டாம், அந்தக் குரலைக் கேட்காத காது இந்தக் கட்டடத்தில் இல்லை. பிரசவ வலி என்று ஓர் அழைப்பு. விலாசத்தைத் தட்டிவிட்டு அனுப்பு என்று அழுத்தினார். திரை அப்படியே உறைந்துவிட்டது! அக்கா என்ன செய்தார்? விலாசத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, மாடிப்படியில் செருப்பில்லாமல் ஓடி, ஓட்டுநர் முகத்துக்கு நேரே கையை நீட்டினார். "இதைப் படி, கிளம்பு!" தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

பாராட்டு கிடைத்ததா? கிடைத்தது திட்டு! அக்கா ஏதோ தப்பாகத் தட்டிவிட்டார் என்று விசாரணையில் முடிவு கட்டினார்கள். பொருள் கிடங்குக்கு மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு. அப்போது எழுந்தவர் யார்? எங்கள் பிராக்கெட் அண்ணன்! "மெஷின் நின்னா மனுஷன் மேல பழியைப் போடறதா? நான் போய்ப் பாக்கறேன்" என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தொலைபேசி அறையிலேயே உட்கார்ந்துவிட்டார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

என்ன பார்த்தார்? இந்தச் சகோதரிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. அழைப்பவர் அழுவார், பேச்சு வராது. அவர் வாய் திறக்கும்வரை கை சும்மா இருக்காது, புள்ளி வைத்துக்கொண்டே இருக்கும். புள்ளி, புள்ளி, புள்ளி. அடுத்த வார்த்தைக்குப் பிடித்து வைத்த இடம் அது! எல்லோரும் செய்கிறார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. எதிர்முனையில் அழுகை நீண்டால் இங்கே புள்ளி வரிசையும் நீளும்.

அண்ணன் மூச்சிரைக்க ஓடி வந்தார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "வில்லங்கம்! சோத்தை வை! புள்ளி! எல்லாம் புள்ளியால வந்த வினை!" என்று கத்தினார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! லாட்டரி விழுந்தவன்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டான்.

விஷயம் இதுதான். அந்த ரெஜெக்ஸ், புள்ளி வரிசையைக் கண்டால் கூறு போட ஆரம்பிக்கும். முழுவதையும் ஒரே கூறாகப் பார்க்கும், ஒத்துவராது. இரண்டாகப் பிரித்துப் பார்க்கும், மூன்றாகப் பார்க்கும், வேறு இடத்தில் வெட்டிப் பார்க்கும். ஒரு புள்ளி கூடினால் வேலை இரட்டிப்பாகும். இன்னொன்று கூடினால் அதிலும் இரட்டிப்பு. மக்கள் அதிகமாக அழுத நேரத்தில்தான் நம் நிரல் உறைந்து நின்றது, தோழர்களே! அக்காவின் கை எந்தத் தவறும் செய்யவில்லை. விசாரணை முடிவை ரத்து செய்ய வைத்துவிட்டுத்தான் அண்ணன் தன் மேஜைக்குத் திரும்பினார்.

பிறகு ஆரம்பித்தது அழிப்பு வேலை. ரெஜெக்ஸை இன்னொரு ரெஜெக்ஸ் வைத்துச் சரி செய்யலாமே என்று பலர் சொன்னார்கள். "காதுல பூச்சி போனா இன்னொரு பூச்சியை விட்டா துரத்துவே?" என்று கேட்டார். லிஸ்பிலேயே இருக்கும் எளிய கருவிகளை எடுத்தார். எழுத்தை மாற்றுவதற்கு ஒன்று, ஓரத்தை வெட்டுவதற்கு ஒன்று, ஓர் எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கு ஒன்று, அந்த இடத்தில் இரண்டாகப் பிரிப்பதற்கு ஒன்று. அவ்வளவுதான்!

முதல் தடவையே சரியாக வந்ததா? நான் விடுவேனா! கதவெண் முடிந்து தெரு தொடங்கும் இடத்துக்குக் காற்புள்ளிதான் அடையாளம்; அதுவே இல்லாத ஒரு விலாசத்தைக் கொடுத்தேன். 'மருந்துக்கடைக்குப் பின்னால் பச்சை கேட் போட்ட மாடி வீடு.' காற்புள்ளி கிடைக்கவில்லை என்றால் லிஸ்ப் கோபித்துக்கொள்ளாது, 'இல்லை' என்று மட்டும் சொல்லும். வெட்டும் கருவி அந்த 'இல்லை'யைக் கடைசிவரை எடுத்துக்கொள் என்று புரிந்துகொண்டது. மருந்துக்கடை, கேட், மாடி எல்லாம் சேர்ந்து கதவெண் ஆகிவிட்டது! அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடிப்பாவி, ஒரு தெருவையே கதவுல மாட்டிட்டியே!" என்றார். கோபமே வராது அவருக்கு. உடனே உட்கார்ந்து திருத்தினார். எளிய வரியில் தப்பு நடந்தால் நின்ற இடத்திலேயே கண்ணில் படும், அதனால்தான் எனக்கு இந்த வரிகள் மேல் இவ்வளவு பாசம்.

இப்போது மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். இயக்குநர் அய்யா, நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. லிஸ்ப் தெரிந்தவர் போய்விட்டார், பழைய நிரலை எழுதிய வெளி நிறுவனம் தன் பதிப்பை மட்டும்தான் பராமரிக்கும் என்கிறது, அதனால் வரும் வாரம் பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாம் என்று முடிவாகியிருக்கிறது. விலாசத்தில் 'எதிரே', 'பக்கத்தில்' என்று வரும் அடையாளப் பகுதியை மட்டும் அண்ணன் மாற்றி முடிக்கவில்லை. அந்த அரைகுறை வேலையைக் காட்டி, முடிந்த வேலை முழுவதையும் தூக்கி எறிவதா? அடுக்குமா இது?

படிக்க ஆளில்லை என்கிறீர்கள். நான் இங்கேயே படிக்கிறேன், கேளுங்கள். அண்ணன் எழுதியதை வரிக்கு வரி அப்படியே தமிழில் சொல்கிறேன். புள்ளி இருக்கும் இடத்திலெல்லாம் வெற்றிடம் போடு. இரண்டு ஓரத்திலும் உள்ள வெற்றிடத்தை வெட்டு. முதல் காற்புள்ளி எங்கே என்று தேடு. கிடைத்தால், அதற்கு முன்னால் இருப்பது கதவெண், பின்னால் இருப்பது தெரு. கிடைக்காவிட்டால் எல்லாமே தெரு, கதவெண்ணைத் தனியாகக் கேள். முடிந்தது!

ஓட்டுநர் தோழரே, ஜன்னல் பக்கம் இருக்கும் உங்களைத்தான். புரிந்ததா? "நல்லாப் புரியுது" என்கிறார்! அண்ணி, உங்களுக்கு? தலையசைக்கிறார்கள்! தலைமை மருத்துவர் அய்யா? அவருக்கும் புரிந்துவிட்டது! பிறகு ஆளில்லை என்று யார் சொல்வது? இந்த மண்டபம் முழுக்க ஆள் இருக்கிறதே!

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். அண்ணியிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். போன வாரம் அண்ணன் குளியலறை வாசலில் விழுந்தபோது, அண்ணி நம் எண்ணுக்குத்தான் அழைத்தார்கள். எடுத்தவர் வெண்கலம் அக்கா. யார் வீடு என்று அக்காவுக்குத் தெரியாது, அழுகையில் குரல் அடையாளம் தெரியவில்லை. தெருப் பெயர் வரும்வரை அக்காவின் விரல் புள்ளி வைத்துக்கொண்டே இருந்தது. பதிவை எடுத்துப் பார்த்தேன், திரை முழுக்கப் புள்ளி. அனுப்பு என்று அழுத்தினார். போய்விட்டது! கண் இமைக்கும் நேரத்தில் போய்விட்டது!

வண்டிக்குள் அண்ணன் கண் திறந்து முதலில் கேட்டது என்ன தெரியுமா? "ஸ்கிரீன் நின்னுச்சா?" உடன் வந்த செவிலியர் சொன்னார், "நிக்கலைங்க." அதைக் கேட்டுவிட்டுத்தான் அண்ணியின் கையைப் பிடித்தாராம். மறுநாள் மாலைவரை இருந்தார். வெளியூரிலிருந்து மகள் வந்து சேர்ந்தாள். அப்பாவும் மகளும் வாய் ஓயாமல் பேசினார்கள். "எங்கேயோ ஆரம்பிச்சு எங்கேயோ போனாரு, ஆனா கடைசியில எல்லாத்தையும் முடிச்சுட்டுத்தான் தூங்கினாரு" என்று அண்ணி சொன்னார்கள். நேரத்துக்கு வண்டி போயும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. அது என் நெஞ்சில் கல்லாகக் கிடக்கிறது. ஆனால் அந்த ஒரு நாள்! பழைய நிரலாக இருந்திருந்தால் அந்த மகளுக்கு அந்த ஒரு நாள் கிடைத்திருக்குமா? சொல்லுங்கள், கிடைத்திருக்குமா?

அய்யா, இன்னொரு வீட்டுக்கு அந்த ஒரு நாளைக் கொடுக்காமல் இருக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இயக்குநர் எழுந்துவிட்டார். ஒலிபெருக்கி இல்லாமலே சொல்கிறார், பின்வரிசைக்கு நான் திருப்பிச் சொல்கிறேன்: "பழசுக்குப் போக வேணாம். நீயே பாத்துக்கம்மா."

கேட்டீர்களா! கை தட்டலாமா என்று யோசிக்காதீர்கள், தட்டுங்கள்! அண்ணியே தட்டுகிறார்கள்!

அண்ணி, இந்தச் சபை அறிய உறுதி சொல்கிறேன். இதுவரை உடைத்துக்கொண்டிருந்த நான் நாளை முதல் எழுதக் கற்றுக்கொள்வேன். மிச்சமிருக்கும் ரெஜெக்ஸை நானே எடுப்பேன். நான் எழுதியதை உடைக்க இந்தச் சகோதரிகளை உட்கார வைப்பேன், எனக்கு அவர்கள் வில்லங்கமாக இருக்கட்டும். உங்கள் மகள் எப்போது வந்து கேட்டாலும், அப்பா எழுதியது எது, ஏன் அப்படி எழுதினார் என்று வரிவரியாக வாசித்துக் காட்டுவேன்.

இப்போது எல்லோரும் எழுந்து அவருக்காக மௌனமாக நிற்போம். வெண்கலம் அக்கா இங்கே வரவில்லை, மேல்மாடியில் பணியில் இருக்கிறார். "நானும் வந்துட்டா போனை யாரு எடுக்கறது?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். நாம் நிற்கும்போது மேலே மணி அடிக்கலாம். யாரும் பதற வேண்டாம், அக்கா எடுப்பார்.