குளிர்வு உத்தரவு

இந்த மின்விசிறியை வேண்டுமானால் நிறுத்திவிடுங்கள், பவித்ரா மேடம். எனக்கு அவ்வளவாக வியர்ப்பதில்லை. தவிர, அது போடுகிற சத்தத்தில் நீங்கள் ஏதாவது சொல்லைத் தவறாக எழுதிவிடப் போகிறீர்கள். விசாரணை அதிகாரிகள் வேகமாக எழுதுவார்கள், சரியாக எழுத மாட்டார்கள். குறையாகச் சொல்லவில்லை.

பெயர் ஸ்ரீதர். வயது அறுபத்து நான்கு. ஊர் ஸ்ரீரங்கம், வடக்கு உத்திர வீதி. தொழில் வழக்கறிஞர். போன வாரம்வரை தேசிய மின் ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர். திருச்சி கோர்ட்டில் முப்பது வருடம் குப்பை கொட்டியவனுக்கு மின்சாரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று டெல்லியில் பலர் கேட்டார்கள். ஒன்றும் தெரியாது. ஃபியூஸ் போடக்கூட ஆளைத்தான் கூப்பிடுவேன். ஆனால் எனக்குச் சொற்களைத் தெரியும். முக்கொம்பில் படகு கவிழ்ந்த ஒரு வழக்கில், கவிழ்ந்த பிறகு அது படகே அல்ல, வெறும் மரம், ஆகவே படகு விபத்து என்று ஒன்று நடக்கவே இல்லை என்று வாதாடி ஜெயித்தேன். அந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டுத்தான் டெல்லியிலிருந்து என்னைத் தேடி வந்தார்கள்.

பதவியேற்ற அன்றே புள்ளிவிவரத்தை என் மேஜையில் வைத்தார்கள். நாட்டில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் மின்தடை என்று பார்த்ததும் அந்தச் சொல்லில்தான் என் கண் நின்றது. தடையாவது ஒன்றாவது, என்ன சொல் அது? எங்கள் வீட்டில் விளக்கை அணை என்று சொன்னால் வாயிலேயே போடுவார்கள். விளக்கைக் குளிர வை என்றுதான் சொல்ல வேண்டும். எப்படிச் சொன்னாலும் விளக்கு அணையத்தான் போகிறது, ஆனால் யாருக்கும் மனம் பதறாது. ஒரு வீட்டுக்கு நல்லது ஒரு நாட்டுக்கும் நல்லதுதானே? என் முதல் உத்தரவு ஒரே பத்திதான். மின்தடை என்ற சொல் இனி ஆணையத்தின் எந்தத் தாளிலும் வரக் கூடாது. மின்சாரம் இல்லாத நேரம் 'குளிர்வு' எனப்படும். வடக்கத்தி உறுப்பினர்கள் 'குல்லிரு, குல்லிரு' என்று திணறினார்கள். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன்.

அடுத்த மாதமே நாட்டில் மின்தடை பூஜ்யம். எனக்கு விருது கொடுத்தார்கள், சால்வை போட்டார்கள். மின்சாரம் முன்பைவிடக் குறைவாகத்தான் வந்தது. ஆனால் புகார் ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் பழைய சொல்லில் வந்த மனுக்களை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டோம்.

தாயுமானவன் விஷயத்துக்கு வருகிறேன். தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர், திருவெறும்பூர்க்காரர். அவர் மனைவி உமாமகேஸ்வரிக்கு நுரையீரல் கெட்டுப்போய், கரண்ட்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் மூச்சுவிட முடியாது. இப்படிப்பட்ட வீடுகளுக்கு மின்தடையிலிருந்து விலக்குத் தரலாம் என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் இல்லாத ஒன்றிலிருந்து ஒருவருக்கு எப்படி விலக்குத் தருவது? 'மின்தடை' என்ற இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, சரியான சொல்லையும் பக்கத்தில் எழுதி, மனுவைத் திருப்பினேன். அடுத்த முறை 'பவர் கட்' என்று எழுதினார். அதற்கடுத்த முறை 'கரண்ட் நின்றுவிடுகிறது'. கூடவே ஒரு குறிப்பு: குளிர்ந்துபோவது என்றால் எங்கள் பக்கம் உயிர் போவதைச் சொல்வது, சீக்காளியை வீட்டில் வைத்துக்கொண்டு அந்த வார்த்தையை எழுத மாட்டேன். இந்த மனிதரின் பிடிவாதம் எனக்கு எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் சித்திரைத் தேருக்கு ஊருக்கு வந்தவன், நேரில் ஆய்வு செய்ய நானே அவர் வீட்டுக்குப் போனேன். தலைவரே போவது வழக்கமில்லை. என் நல்ல மனதை இதற்கு மேல் எப்படிக் காட்டுவது?

மதியம் இரண்டு மணி. காபி கொடுத்தார். இரண்டு பத்துக்குக் குளிர்வு தொடங்கியது. அந்தப் பகுதிக்கான நேர அட்டவணையில் நான்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன், அதனால் எனக்கு முன்பே தெரியும். இன்வெர்ட்டர் பன்னிரண்டு நிமிடம் தாங்கியது. மாற்று சிலிண்டர் காலைக் குளிர்விலேயே தீர்ந்துவிட்டதாம். அந்த அம்மாள் என்னைப் பார்த்து, மெஷின் பக்கம் விரலைக் காட்டினார். பகுதிப் பொறியாளர் அடைக்கலராஜ் போனில் இருந்தார். "சார், நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், அந்த லைனை மட்டும் போட்டுடறேன்" என்றார்.

தாயுமானவன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், கரண்ட் போயிடுச்சுங்க. மூச்சு திணறுதுங்க. போடச் சொல்லுங்க சார்."

"குளிர்வுன்னு சொல்லுங்கோ. ஒரே ஒரு தடவை. உடனே போடச் சொல்றேன்."

"அவளைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு அதைச் சொல்ல மாட்டேங்க" என்றார்.

முதலில் கரண்ட்டைப் போட்டுவிட்டுச் சொல்லை அப்புறம் பார்த்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். அப்படிப் போட்டிருந்தால், அவர் சொன்னபடி கரண்ட் போயிருக்கிறது என்று ஆணையமே ஒப்புக்கொண்டதாகிவிடும். நாட்டில் ஒரு மின்தடை நடந்ததாகிவிடும். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் உள்ள தூரம், ஒன்றுக்கும் கோடிக்கும் கிடையாது. அந்த அம்மாள் இறந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், அந்த வரியில் திருத்தம் இல்லை.

போனைக் காதில் வைத்தபடியே காத்திருந்தேன். அவர் என்னைத் திட்டினார், பிறகு கெஞ்சினார், பிறகு என்னை விட்டுவிட்டு ஒரு செய்தித்தாளை மடித்து மனைவிக்கு விசிறிக்கொண்டே இருந்தார். எனக்கு அவர் மேல் பரிதாபம்தான். சொல்லிவிடுங்கோ, சொல்லிவிடுங்கோ என்று நானும் நாலைந்து தடவை கேட்டுப் பார்த்தேன்.

இரண்டு ஐம்பதுக்கு விசிறுவதை நிறுத்திவிட்டு அந்த அம்மாளின் காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கையை. என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"குளுந்துடுச்சுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேச்சு வழக்குதான், இலக்கணப்படி முழுச் சொல் இல்லை, ஆனாலும் ஏற்றுக்கொண்டேன். அடைக்கலராஜிடம் லைனைப் போடச் சொன்னேன். முப்பது விநாடியில் மெஷின் ஓட ஆரம்பித்தது. ஆகவே, மேடம், 'தாமதம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன்.