நுரை வராத தலை

— இன்னும் நுரை வரல பாரேன், லிஸ்பெத். மூணு தடவை ஷாம்பு போட்டாச்சு. திரிஞ்ச பால் மாதிரி திட்டுத் திட்டா நிக்குது.

— ஷாம்பு பழசா இருக்கும், போடில்.

— பழசா? நேத்து சர்ச்சுல, பிரேதம் வச்சிருக்கற அறையில, மெரேட் தலையைக் கழுவினது இதே பாட்டில்தான். ஒரு சொட்டு விட்டேன், முழங்கை வரைக்கும் நுரை. தண்ணி சூடு சரியா இருக்கா?

— இருக்கு. நீங்களா கழுவினீங்க?

— வேற யாரு? பதினஞ்சு வருஷமா அவ தலை என் கையிலதானே இருந்துச்சு. அடக்கம் பண்றவர் வந்து கேட்டார். முகத்துல துணி போட்டிருக்கு, அதை எடுக்க வேண்டாம், முடியை மட்டும் சரி பண்ணிடுன்னார். அவ்வளவு உயரப் பாறையிலேருந்து விழுந்தா முகம் எங்க இருக்கும். மன்னிச்சுக்கோ தங்கம், கூடப் பிறந்தவகிட்டப் போய் இதையெல்லாம் சொல்றேன் பாரு. உன்னைப் பார்த்தா அவளையே பார்க்கற மாதிரி இருக்கு, வாய் பாட்டுக்குப் போகுது. இரட்டையாப் பொறந்தாலும் இப்படியா அச்சு அசலா இருப்பாங்க. பேச்சுகூட மாறல. இருபது வருஷம் நார்வேல, பெர்கன்ல இருந்தவ மாதிரியா பேசறே.

— கொஞ்சம் சீக்கிரம் முடியுமா? பிரேபன் பூக்கடைக்குப் போயிருக்கார். வந்துடுவார்.

— வரட்டுமே. பொண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷன், மச்சினிக்காகப் பத்து நிமிஷம் உட்கார மாட்டாரா. தலையை அசைக்காதே, காதுக்குள்ள போயிடும். இந்த ஊர்த் தண்ணி அப்படி, லிஸ்பெத். வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைக்குள்ள ஊறி ஊறி வருது. கெட்டில் அடியில ஓடு கட்டியிருக்கே, பார்த்தியா? அதேதான் முடியிலயும் படியுது. கடைக்கு முடி வெட்டிக்க வர்ற பொம்பளைங்ககிட்ட எல்லாம் தலைதலையா அடிச்சுக்கறேன். மழைத்தண்ணியைப் பீப்பாயில பிடிச்சு வை, கடைசி அலசலுக்கு அதை ஊத்து, ரெண்டு கரண்டி ஆப்பிள் வினிகர் கலந்துக்கோ, ஈர முடியை நுனியிலேருந்து மேல சீவு, துண்டால தேய்க்காதே, ஒத்தி எடு. யார் கேக்கறா?

— மெரேட்டாவது கேட்டாளா?

— வினிகர் விஷயத்துல கேட்டா. பாட்டில் நான்தான் கலந்து குடுப்பேன். துண்டு விஷயத்துல மட்டும் சொன்ன பேச்சே கேக்க மாட்டா, மழையில நனைஞ்ச நாயைத் துவட்டற மாதிரி பரபரன்னு தேய்ப்பா. என்கிட்ட வாங்கிக் கட்டிக்காத நாளே கிடையாது. என்னமோ போ, அந்தத் திட்டையெல்லாம் இனிமே யாருக்குக் குடுக்கறது.

— அழாதீங்க.

— அழல. ஒண்ணு சொன்னா தப்பா நினைக்காதே. அவ முடி துடைப்பக்குச்சி மாதிரி இருக்கும். நேத்து பட்டா இருந்துச்சு. வெட்டுகூட என் வெட்டு மாதிரி தெரியல. கண்ணு பூரா தண்ணி, எங்க சரியாப் பார்த்தேன். செத்தா சுண்ணாம்புகூட விட்டுப் போயிடும் போலன்னு நினைச்சுக்கிட்டேன். ஆனா இங்க பாரு, உன் தலையில அத்தனை சுண்ணாம்பு. நீ என்னிக்கு பெர்கன்லேருந்து வந்தே?

— வெள்ளிக்கிழமை.

— இன்னிக்கு புதன். என் தங்கச்சி மகன் பெர்கன்லதான் குழாய் வேலை பார்க்கறான். அங்க வருஷம் பூரா மழை, கெட்டில்ல ஒரு பொட்டு வெள்ளை கிடையாதுங்கறான். அந்தத் தண்ணியில வளர்ந்த முடியா இது?

— நீச்சல் குளத்துக்குப் போவேன். அதுவா இருக்கும்.

— நீச்சல் குளம் முடியை வறட்டும், பச்சையாக்கும். இப்படி ஓடு கட்டாது. இது நம்ம ஊர்ச் சுண்ணாம்பு, மாசக்கணக்கா ஏறினது. இதைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிடுவேன்.

— எங்கேருந்து வந்தா என்ன போடில், எடுத்துடுங்க. முழுசா எடுத்துடுங்க. அதுக்குத்தான் வந்தேன்.

— அப்போ நீ ரொம்ப நாளா இங்கதான் இருக்கே. யாருக்கும் தெரியாம. எங்க இருந்தே? பிரேபன் வேட்டைக்குன்னு காட்டுல ஒரு குடிசை வச்சிருக்காரே, அங்கயா?

— இல்ல. சத்தியமா இல்ல.

— மெரேட் கடைசியா இந்த நாற்காலியில உக்காந்தப்போ சொன்னா. 'அவர் என்னைப் பார்க்கற பார்வை சரியில்ல'ன்னு. நான் சிரிச்சேன். எவளாவது புதுசாக் கிடைச்சிருப்பான்னு கேலி பண்ணேன். அந்த எவளோ கூடப் பிறந்தவளா இருப்பான்னு நான் கண்டேனா. எழுந்திரு.

— போடில்.

— எழுந்திருன்னேன். ஈரத் தலையோடயே போ. அவளைக் கழுவின கையால உன்னைக் கழுவ மாட்டேன்.

— கதவைத் திறக்காதே. போடில், திறக்காதே. என் பிடரியைத் தொட்டுப் பாரு. முடி ஆரம்பிக்கற இடத்துல, இடது பக்கம்.

— எதுக்கு?

— தொடு.

— தழும்பு.

— கிறிஸ்துமஸுக்கு முடி சுருட்டறப்போ உன் சூட்டுக்கோல் பட்டது. வெளிய தெரிஞ்சா கடைக்குக் கெட்ட பேருன்னு ரெண்டு பேரும் மூடி மறைச்சோம். சமாதானத்துக்கு நீ ஒரு கேக் செஞ்சு குடுத்தே. அதுவும் கருகிப் போயிருந்தது.

— கடவுளே. மெரேட். நீயாடி?

— மெதுவாப் பேசு. தாழ்ப்பாளைப் போடு.

— அப்போ நேத்து நான் கழுவினது?

— லிஸ்பெத்தை.

— போட்டாச்சு. உக்காரு. இல்ல, நான் உக்காந்துக்கறேன்.

— ஞாயித்துக்கிழமை பாறை மேல பேய்க்காத்து. அவ மெல்லிசா ஒரு கோட்டு போட்டுட்டு வந்திருந்தா, பல்லு கிட்டிச்சுது. என் மஞ்சள் மழைக்கோட்டை அவளுக்குப் போட்டு விட்டேன், அவளோடதை நான் மாட்டிக்கிட்டேன். நான்தான் போடில் போட்டு விட்டேன், அவ வேண்டாம்னா. அவ முன்னாடி போனா. நான் புதருக்குப் பின்னாடி குனிஞ்சு கல்லு பொறுக்கிட்டிருந்தேன். பிரேபன் பாதையில வந்தார். கூப்பிடல, ஒண்ணும் சொல்லல. நேராப் போய் ரெண்டு கையையும் அந்த மஞ்சள் கோட்டு முதுகுல வச்சார்.

— உன்னைன்னு நினைச்சு.

— என்னைன்னு நினைச்சுத்தான். அப்புறம் அப்பத்தான் வர்ற மாதிரி நான் வெளிய வந்தேன். 'லிஸ்பெத், மெரேட் சறுக்கிட்டா'ன்னு ஓடி வந்தார். நான் 'மெரேட், மெரேட்'னு கத்தினேன். என் பேரை நானே சொல்லி அழுதேன். அன்னிலேருந்து நான் லிஸ்பெத்.

— போலீசு வீட்டுக்கு வந்துச்சேடி, அப்பவே சொல்லியிருக்கலாமே.

— வந்தவன் அவரோட வேட்டைக் கூட்டாளி. எங்க சமையலறையில உக்காந்து அவர் தோளைத் தட்டிக் குடுத்துட்டிருந்தான். அவன்கிட்ட என்னன்னு சொல்ல. நாளைக்கு அடக்கம், முடிஞ்ச கையோட விமானம். பெர்கன்ல இறங்கி நேரா அங்க இருக்கற போலீசுக்குப் போறேன். இன்னும் ஒரு ராத்திரி. இந்த ஒரு ராத்திரியைத் தாண்டிட்டா போதும்.

— அதுக்கும் முடிக்கும் என்ன?

— காலையில காபி குடிச்சுட்டிருந்தேன். பின்னாடி வந்து நின்னார். ஈர முடியில ஒரு கத்தையை எடுத்து விரலுக்கு நடுவுல உருட்டிப் பார்த்தார். 'நீங்க வந்த அன்னிக்குக் காத்துல பறந்துச்சே, இப்ப மெரேட் முடி மாதிரி இருக்கே'ன்னார். உங்க ஊர்த் தண்ணின்னேன். 'அதுக்குள்ளயா'ன்னு சிரிச்சார். போடில் கடைக்குப் போயிட்டு வாங்க, நானே கொண்டு விடறேன்னார்.

— சாய். நல்லா பின்னால சாய். குழாயைத் திறக்கவே போறதில்ல, பின்கட்டுப் பீப்பாயில மழைத்தண்ணி இருக்கு. எலுமிச்சை உப்பு இருக்கு, சுண்ணாம்பைக் கரைக்கற ஷாம்பு இருக்கு. எல்லாத்தையும் போடறேன். கண்ணை மூடிக்கோ, எரியும்.

— எரியட்டும்.

— ராத்திரி என் வீட்டுல இரேன்.

— போகலேன்னா அந்த நிமிஷமே தெரிஞ்சுடும். அவர் காரோட வாசல்லயே நிப்பார்.

— பயமா இருக்குடி.

— எனக்கு ஞாயித்துக்கிழமையிலேருந்து வேற ஒண்ணுமே இல்ல. அவளுக்காக ஒழுங்கா அழக்கூட முடியல, போடில். அவ பேரை வச்சுக்கிட்டு அவளுக்கு எப்படி அழ.

— பேசாதே. கழுத்தைத் தளர்த்து. இன்னொரு தடவை ஊத்தறேன். பாரு, இப்ப பாரேன். நுரையைப் பாரு, என் மணிக்கட்டு தெரியல.

— வந்துடுச்சா?

— வந்துடுச்சு. நேத்து கையில பட்ட அதே முடி. அந்தப் பாவப்பட்ட பொண்ணோட முடி.

— கார் சத்தம் கேக்குது. மூக்கைத் துடை. நான் லிஸ்பெத். நீ என்னை இன்னிக்குத்தான் பார்க்கறே.

— நீ லிஸ்பெத். உன்னை இன்னிக்குத்தான் பார்க்கறேன். இரு, தாழ்ப்பாளை எடுக்கறேன். வாங்க பிரேபன், வாங்க.

— பட்டப்பகல்ல தாழ் போட்டிருக்கியே, போடில்.

— காத்துல கதவு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. உக்காருங்க.

— லில்லி கிடைக்கல, வெள்ளை ரோஜாதான் சொல்லிட்டு வந்தேன். மெரேட் எதுக்கும் குறை சொல்ல மாட்டா, இல்லையா?

— மாட்டா.

— லிஸ்பெத், உங்க டிக்கெட்டை ஞாயித்துக்கிழமைக்கு மாத்தலாமான்னு யோசிச்சேன். தனியா அந்த வீட்டுல இருக்கறது கஷ்டமா இருக்கு.

— வேலைக்குப் போகணும், பிரேபன். நாளைக்கே கிளம்பணும்.

— சரி, சரி. முடிக்கு என்ன ஆச்சாம்? தண்ணிதான் காரணமா?

— தண்ணியேதான். நம்ம தண்ணிக்குப் பழகாத முடி, பஞ்சு மாதிரி அத்தனையையும் குடிச்சிருக்கு. மேலாப்புல படிஞ்சதுதான், எடுத்துட்டேன். வேணும்னா தொட்டுப் பாருங்க.

— தொடலாமா, லிஸ்பெத்?

— தொடுங்க.

— பட்டு. அப்படியே பட்டு. நான்தான் என்னென்னமோ நினைச்சுட்டேன். துக்கத்துல மனுஷனுக்குப் புத்தி எங்கெங்கயோ போகுது, இல்லையா?

— போகத்தான் செய்யும்.

— கிளம்பலாம். தலை சொட்டுதே, ஒரு துண்டு குடு போடில்.

— இந்தாம்மா துண்டு. அடியேய், தேய்க்காதே, ஒத்தி எடு, ஒத்தி எடு. பதினஞ்சு வருஷமா சொல்லிச் சொல்லி என் வாய்தான்...

— வாய்தான் என்ன, போடில்?

— இல்ல. வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்றது. பழக்கதோஷம்.

— ஆமா. எல்லார்கிட்டயும் சொல்றதுதான், இல்லையா?

— பிரேபன், முடி காயட்டும். இங்கயே கொஞ்ச நேரம் இருந்துட்டு நான் நடந்தே வந்துடறேன்.

— கார்ல சூடு இருக்கு. காஞ்சுடும்.

— நானும் கூட வரேன் பிரேபன், நாளைக்கு வேலை நிறைய இருக்குமே, ஒத்தாசைக்கு.

— வேண்டாம் போடில். கடையைப் பாரு.

— அப்போ இந்த வினிகர் பாட்டிலையாவது எடுத்துட்டுப் போகட்டும். ராத்திரி அலசறதுக்கு.

— அது எதுக்கு? குளியலறை ஜன்னல்ல உன் பாட்டில் பாதி அப்படியே இருக்கே. வா, மெரேட்.